மலையடிவார மணலும் அணு ஆயுத ஒழிப்பும்

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குப் போகும் சாலையில் மலை ஏறுவதற்குச் சற்று முன்னால் இருக்கும் ஊர் வித்துரா. ரப்பர் தோட்டம், கல்லாறு, போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட், அதற்கு மேலே அகத்தியர்கூடம் என்று அதன் எல்லைகள் விரிகின்றன. அந்த மலையின் கிழக்குச் சரிவைத்தான் நாம் பொதிகை என்கிறோம். தாமிரபரணி இறங்குவது அந்தப் பக்கம். மேற்குச் சரிவின் ஆறுகள் கேரளக் கடலுக்குப் போகின்றன. இப்படி ஒரு மலையடிவாரத்துக்கும் உலகத்தின் அணு ஆயுத ஒழிப்பு இயக்கத்துக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கலாம். தொடர்பு அந்த மலையின் பாறையில் இருக்கிறது.

தென் மேற்குத் தொடர்ச்சி மலையின் பாறைகள் சார்னோகைட், கோண்டலைட் வகையைச் சேர்ந்தவை. பல கோடி ஆண்டு வெயிலிலும் மழையிலும் அவை உதிர்ந்து ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போயின. எடை குறைந்த மணலை அலை அடித்துச் சென்றுவிட, கனமான தாதுக்கள் கரையிலேயே தங்கின. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், இவற்றோடு மஞ்சள் பழுப்பு நிறத்தில் மோனசைட். கொல்லத்துக்கு வடக்கே சவறாவிலும், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சியிலும் இந்தக் கருமணல் செறிந்து கிடக்கிறது. இங்குள்ள மோனசைட்டில் 8 முதல் 10 விழுக்காடு வரை தோரியம் ஆக்சைடு உண்டு. அணுகுண்டை ஒழிப்பதற்கு உலகம் போட்ட முதல் திட்டம் இந்தத் தோரியத்தையும் யுரேனியத்தையும் குறிவைத்துத்தான் எழுதப்பட்டது.

ஒழிப்பு இயக்கத்தின் வரலாற்றை ஹிரோஷிமாவில் தொடங்கி ஜெனிவா, நியூயார்க் என்று சொல்லிப் போவதே வழக்கம். வித்துரா பக்கத்திலிருந்து பார்த்தால் அதே வரலாறு வேறு விதமாகத் தெரிகிறது. குண்டை ஒழிப்போம் என்று சொன்ன வல்லரசுகள் முதலில் கேட்டது மற்றவர்களுடைய மண்ணை. மண்ணைக் காத்துக்கொண்ட இந்தியா அந்த மண்ணின் பெயராலேயே தன் அணு நிலையங்களைக் கண்காணிப்புக்கு வெளியே வைத்துக்கொண்டது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்தியாவின் அணு ஆயுத ஒழிப்புக் குரலை மதிப்பிட முடியாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோரியத்துக்கு முதலில் விலை வந்தது விளக்கால். பெட்ரோமாக்ஸ் விளக்கில் வெள்ளையாக ஒளிரும் மேண்டில் தோரியம் ஆக்சைடால் ஆனது. ஜெர்மானிய வேதியியலாளர் ஷோம்பெர்க் 1909இல் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட்டை அடையாளம் கண்டார். இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சள் மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள். முதல் உலகப் போர் மூண்டதும் அந்தத் தொழில் பிரிட்டிஷ் கைக்கு மாறியது. பிறகு மின்விளக்கு பரவ, மோனசைட்டைக் கேட்பார் குறைந்தனர்.

1945 ஆகஸ்டில் நிலைமை தலைகீழானது. தோரியம் தானாக வெடிக்கும் பொருள் அல்ல. அணு உலையில் அது ஒரு நியூட்ரானை ஏற்றுத் தோரியம்-233 ஆகி, சில நிமிடங்களில் புரோட்டாக்டினியம்-233 ஆகி, அதுவும் 27 நாள் அரை ஆயுளில் சிதைந்து யுரேனியம்-233 ஆகிறது. இது பிளவுறும் பொருள். உலையையும் ஓட்டலாம், குண்டும் செய்யலாம். 1955இல் நெவாடாவில் அமெரிக்கா யுரேனியம்-233 கலந்த ஒரு குண்டை வெடித்தும் பார்த்தது. ஆனால் இதையெல்லாம் பரிசோதிக்கும் முன்பே வல்லரசுகள் மணலைக் கணக்கெடுத்துவிட்டன. 1944 ஜூனில் அமெரிக்காவும் பிரிட்டனும் இரகசியமாக ஓர் அமைப்பை உருவாக்கின. உலகெங்கும் உள்ள யுரேனியத்தையும் தோரியத்தையும் வாங்கித் தம் பிடிக்குள் வைப்பதே அதன் வேலை. அதன் தலைவர் மன்ஹாட்டன் திட்டத்தை நடத்திய படைத் தளபதி லெஸ்லி குரோவ்ஸ். தோரியம் என்றால் அன்று நடைமுறையில் இரண்டே இடங்கள்: பிரேசில், திருவிதாங்கூர்.

இந்தப் பின்னணியோடு 1946ஐப் படிக்க வேண்டும். ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய முதல் தீர்மானமே, அவ்வாண்டு ஜனவரி 24 அன்று, அணு ஆயுதங்களை ஒழிக்க வழி காண ஓர் ஆணையம் அமைத்தது பற்றியது. மார்ச்சில் அமெரிக்காவின் அச்சிசன்–லிலியந்தால் அறிக்கை வெளியானது. அதை எழுதியதில் பெரும்பங்கு ராபர்ட் ஓப்பன்ஹைமருடையது. உலகின் யுரேனிய, தோரியச் சுரங்கங்களை எல்லா நாடுகளுக்கும் பொதுவான ஓர் அதிகார அமைப்பே நடத்தட்டும் என்றது அறிக்கை. ஆய்வாளர்களை அனுப்பிச் சோதிப்பது மட்டும் போதாது, மூலப்பொருளே எந்த நாட்டின் கையிலும் இருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. நேர்மையான சிந்தனை அது. இன்றுவரை அதைவிட ஆழமாக யாரும் சிந்திக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

ஜூன் 14 அன்று அமெரிக்கப் பிரதிநிதி பெர்னார்ட் பாரூக் அதை ஐ.நா.வில் வைத்தபோது உருவம் மாறியிருந்தது. மீறும் நாட்டைத் தண்டிப்பதில் வீட்டோ கிடையாது என்றார் அவர். மற்ற நாடுகள் தம் சுரங்கங்களையும் உலைகளையும் முதலில் ஒப்படைத்துவிட வேண்டும், அமெரிக்கா தன் குண்டுகளைக் கடைசிக் கட்டத்தில் கைவிடும். ஐந்தே நாளில் சோவியத் பிரதிநிதி குரோமிக்கோ முதலில் குண்டைத் தடை செய்யுங்கள், கண்காணிப்பைப் பிறகு பேசலாம் என்று எதிர்த்திட்டம் வைத்தார். பேச்சு அங்கேயே முடங்கியது. 1949 ஆகஸ்டில் சோவியத் ஒன்றியமும் குண்டு வெடித்தது.

ஐ.நா.வில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தபோது திருவிதாங்கூரின் திவான் ஒரு தமிழர், சர் சி.பி. ராமசாமி அய்யர். மோனசைட்டின் புதிய மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அவர் ஏற்றுமதியை நிறுத்தினார். பிறகு பிரிட்டனோடு பேசி, மூன்றாண்டுகளில் 9,000 டன் மோனசைட் தருவது, பதிலுக்குத் திருவிதாங்கூரிலேயே தோரிய ஆலை அமைக்க உதவி பெறுவது என்று ஏற்பாடு செய்தார். 1947 ஜூன் 11 அன்று, ஆங்கிலேயர் வெளியேறியதும் திருவிதாங்கூர் தனிநாடாகும் என்று அறிவித்தார். அந்தத் துணிவுக்கு மோனசைட்டும் ஒரு காரணம் என்று இட்டி ஆபிரகாம் போன்ற ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஓர் இசை நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தபோது சி.பி. வெட்டுப்பட்டார். புன்னப்புரா–வயலார் படுகொலைக்குப் பின் ஊரெங்கும் மூண்டிருந்த கோபம் அதன் பின்னணி. சில நாட்களில் மன்னர் இந்தியாவோடு இணைய ஒப்புக்கொண்டார். மணலும் இந்தியாவுடையதானது.

புதிய இந்தியா அந்த மணலை என்ன செய்தது? 1948 ஏப்ரல் 6 அன்று அரசியல் நிர்ணய சபையில் அணுசக்தி மசோதா வந்தது. மைசூர்ப் பக்கத்து உறுப்பினர் எஸ்.வி. கிருஷ்ணமூர்த்தி ராவ் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்: பிரிட்டனின் சட்டத்தில்கூட இரகசியம் பாதுகாப்புக்கான ஆய்வுக்குத்தானே, இங்கே அமைதிப் பயன்பாட்டு ஆய்வுக்கும் ஏன் இரகசியம்? ஆக்கப் பயன்பாட்டையும் போர்ப் பயன்பாட்டையும் எப்படிப் பிரிப்பது என்று தனக்குத் தெரியவில்லை என்றார் நேரு. அந்தப் பதில் அன்று யாரையும் உறுத்தவில்லை. ஆனால் இந்திய அணுத்துறையின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த ஒரு பதிலுக்குள் அடங்கியிருக்கிறது.

1950இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் உருவானது. 1952 டிசம்பரில் ஆலுவாவில் மோனசைட்டைப் பிரிக்கும் ஆலையை நேரு திறந்துவைத்தார். அதற்கு முந்தைய ஆண்டு நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிடம் 20 இலட்சம் டன் தானியம் கேட்டது இந்தியா. கோதுமைக்கு ஈடாக மோனசைட் தரட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் குரல் எழுந்தது. பசியைக் காட்டி அணுப்பொருளைக் கேட்பதை நேரு ஏற்கவில்லை, கடனாகவே வாங்கினார். 1953இல் ஏறத்தாழ ஒரு டன் தோரியம் நைட்ரேட் போலந்துக் கப்பலில் ஏறியபோது அடுத்த நெருக்கடி வந்தது. கம்யூனிச நாடுகளுக்கு அணுப்பொருள் விற்கும் எந்த நாட்டுக்கும் உதவியை நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொன்னது. எங்கள் பொருளை யாருக்கு விற்பது என்பதை வேறொரு நாட்டின் சட்டம் தீர்மானிக்க முடியாது என்றது தில்லி. கடைசியில் அமெரிக்காவே விட்டுக்கொடுத்துச் சமாளித்தது.

இந்த இரண்டு அனுபவங்களையும் மனத்தில் வைத்துப் பார்த்தால்தான் இந்திய அணுத்துறையின் தலைவர் ஹோமி பாபா 1956இல் நியூயார்க்கில் எடுத்த நிலை புரியும். சர்வதேச அணுசக்தி முகமையின் விதிகளை வகுக்கும் மாநாடு அது. உதவி பெறும் நாட்டின் யுரேனியம், தோரியம் போன்ற மூலப்பொருள்கள் மீதும் கண்காணிப்பு வேண்டும் என்றது அமெரிக்கத் தரப்பு. பாபா எதிர்த்தார். குண்டு வைத்திருப்பவர்கள் யாருடைய உதவியும் தேவைப்படாதவர்கள், அவர்களை எவரும் கண்காணிக்கப்போவதில்லை, உதவி கேட்கும் ஏழை நாடுகள் மட்டும் காலமெல்லாம் சோதனைக்கு ஆளாகும் என்பது அவர் வாதம். அதில் பொய் இல்லை. 1968இல் இந்தியா அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாததற்குச் சொன்ன காரணமும் இதுவே.

ஆனால் அந்த நியாயமான வாதத்தின் நிழலில் வேறொன்றும் வளர்ந்தது. அமைதிப் பயன்பாட்டுக்கு என்று கனடா தந்த சைரஸ் உலையின் புளுட்டோனியம்தான் 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்தது. ஏற்றத்தாழ்வான கண்காணிப்பை எதிர்த்தது சரி. அதற்குப் பதிலாக எல்லோருக்கும் பொதுவான கண்காணிப்பை இந்தியா முன்னின்று கேட்டிருக்க வேண்டும், தன் நிலையங்களை அதற்குத் திறந்து காட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. பாரூக் செய்ததும் இதுதான்: ஒழிப்பை அடுத்தவர் வாசலில் தொடங்கச் சொன்னார். நாமும் அதையே செய்தோம் என்று எழுத வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அரசு இப்படி இருந்தபோது மக்கள் பக்கத்திலிருந்து வந்த குரல்கள் வேறு. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீனவர்கள் மேல் விழுந்தது. ஏப்ரல் 2 அன்று நேரு மக்களவையில் சோதனைகளை உடனே நிறுத்திவைக்கக் கேட்டார். உலகத் தலைவர்களில் அதை முதலில் கேட்டவர் அவர், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. அதற்கும் மேலே போனவர் ராஜாஜி. நேருவை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி நடத்திக்கொண்டிருந்த காலத்திலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் கட்சி பார்க்கவில்லை. 1962 செப்டம்பரில், 83 வயதில், அமெரிக்கா போனார். காந்தி அமைதி அறக்கட்டளையின் தூதுக்குழுவுக்குத் தலைமை ஏற்று, ஆர்.ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் வெள்ளை மாளிகையில் கென்னடியைச் சந்தித்தார். ரஷ்யா நிறுத்தட்டும், பிறகு நாங்கள் நிறுத்துகிறோம் என்று காத்திராதீர்கள், நீங்களே முதலில் சோதனையை நிறுத்துங்கள் என்பதே அவர் கேட்டது. மறு ஆண்டு ஆகஸ்டில் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை விதிக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. அது ராஜாஜியால் வந்தது என்று சொல்ல மாட்டேன். கியூபா நெருக்கடியின் அச்சமும் உலகெங்கும் நடந்த போராட்டங்களும் அதற்குக் காரணம். ஆனால் முதலில் நீ நிறுத்து என்று வலியவனின் முகத்துக்கு நேரே சொன்ன துணிவு அவருடையது.

அதே 1962இல், ஜூன் 1 அன்று, ராஜஸ்தானைச் சேர்ந்த சதீஷ் குமாரும் கேரளத்தைச் சேர்ந்த ஈ.பி. மேனனும் அணு ஆயுதங்களை எதிர்த்துத் தில்லி ராஜ்காட்டிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். கையில் காசு கொண்டு போகாதீர்கள் என்று வினோபா சொல்லியிருந்தார். மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று நான்கு அணு ஆயுதத் தலைநகரங்களுக்கும் அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். கடல் கடக்கும் இடங்களில் கப்பல், மற்றபடி நடை. கருங்கடல் பக்கத்துத் தேயிலை ஆலையில் ஒரு பெண் அவர்களிடம் நான்கு தேயிலைப் பொட்டலங்கள் கொடுத்தாராம். நான்கு தலைவர்களிடமும் கொடுத்து, பொத்தானை அழுத்தத் தோன்றினால் ஒரு நிமிடம் நின்று இந்தத் தேநீரைக் குடிக்கச் சொல்லுங்கள் என்றாராம். தேயிலை விளையும் வித்துரா மலையில் இந்தக் கதையைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

சட்டத்தின் பக்கம் வந்தால் ஓர் இலங்கைக்காரரின் பெயரைச் சொல்லியாக வேண்டும். அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு உட்பட்டதா என்று ஐ.நா. பொதுச்சபை கேட்ட கேள்விக்குச் சர்வதேச நீதிமன்றம் 1996 ஜூலை 8 அன்று கருத்துரை வழங்கியது. பொதுவாகச் சட்டவிரோதம், ஆனால் ஒரு நாடு வாழ்வா சாவா என்ற நிலையில் தற்காப்புக்குப் பயன்படுத்தினால் திட்டமாகச் சொல்ல இயலாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. அதுவும் ஏழுக்கு ஏழு, தலைவரின் கூடுதல் வாக்கால் நிறைவேறியது. நீதிபதி சி.ஜி. வீரமந்திரி எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதமே என்று நீண்ட மாற்றுத் தீர்ப்பு எழுதினார். போர்க்கள எல்லைக்கு வெளியே இருப்பவரையும் அழிக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்தலாகாது என்ற கருத்து இராமாயண, மகாபாரதக் காலத்திலேயே இருந்தது என்று காட்டி, போர்ச்சட்டம் ஐரோப்பாவில் பிறந்தது என்ற எண்ணத்தை உடைத்தார். அவ்வழக்கில் இந்தியா கொடுத்த எழுத்துமூல வாதமும் அணு ஆயுதப் பயன்பாடு சட்டவிரோதம் என்றுதான் சொன்னது. பதிலடியாகப் பயன்படுத்துவதும்கூட ஏற்கத்தக்கதல்ல என்ற அளவுக்குப் போனது. அது 1995இல். மூன்று ஆண்டு கழித்து 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் ஐந்து வெடிப்புகள். அன்று அதை எதிர்த்துக் கையெழுத்திட்ட நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகளும், முன்னாள் கடற்படைத் தளபதி எல். ராமதாஸும் தேசத்துரோகப் பழி சுமந்தார்கள். 2000இல் உருவான அணு ஆயுத ஒழிப்பு மற்றும் அமைதிக் கூட்டமைப்பில் ராமதாஸ் கடைசிவரை உறுதியாக நின்றார்.

2017 ஜூலை 7 அன்று 122 நாடுகள் வாக்களித்து அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தை நிறைவேற்றின. 2021 ஜனவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. வைத்திருப்பது, தயாரிப்பது, மிரட்டுவது எல்லாமே அதன்படி குற்றம். 70க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. வங்கதேசம் சேர்ந்தது, மாலத்தீவு சேர்ந்தது, 2023இல் இலங்கையும் சேர்ந்தது. இந்தியா பேச்சுவார்த்தைக்கே போகவில்லை. ஜெனிவாவின் ஆயுதக் குறைப்பு மாநாட்டில்தான் பேச வேண்டும் என்பது அதன் பதில். அந்த மாநாடோ இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக எந்த ஒப்பந்தத்தையும் உருவாக்கவில்லை. குண்டுக்கான பிளவுறு பொருள் உற்பத்தியை நிறுத்தும் உடன்படிக்கையும் அங்கேதான் பாகிஸ்தானின் எதிர்ப்பால் சிக்கிக் கிடக்கிறது. ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 2025 தொடக்கத்தில் உலகில் 12,241 அணுகுண்டுகள், அதில் இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170. அந்த ஆண்டு மே மாதத்திலேயே இரண்டு நாடுகளும் நான்கு நாள் சண்டையிட்டன.

தோரியக் கதையும் முடியவில்லை. யுரேனியம்-233ஐ எரிபொருளாகக் கொண்டு ஓடும் காமினி என்ற சிறிய ஆராய்ச்சி உலை 1996 முதல் கல்பாக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவுடனான அணு ஒப்பந்தத்துக்காக 2006இல் நிலையங்களைப் பிரித்தபோது கல்பாக்கத்தின் வேக ஈனுலைகளைக் கண்காணிப்புக்கு வெளியே வைத்தது இந்தியா. கன்னியாகுமரியின் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் புதிதாகக் கருமணல் எடுக்கும் திட்டத்தைக் கடற்கரைக் கிராமங்கள் எதிர்க்கின்றன. அவர்கள் பேசுவது கதிரியக்கத்தையும் மீன்பிடியையும் கடலரிப்பையும் பற்றி. அந்த மணல் கடைசியில் எந்தக் கணக்கில் சேரும் என்ற கேள்வியும் அவர்களுடையதே.

1954இல் பாபா முன்வைத்த மூன்று கட்டத் திட்டத்தின் இறுதிக் கட்டம் தோரியம். மின்சாரத்துக்காக அது பயன்படட்டும் என்று ஒருவர் சொல்லலாம், வேண்டாம் என்று இன்னொருவர் சொல்லலாம். எப்படியானாலும் அது குண்டுக்குப் போகாது என்பதற்கு உலகம் சோதித்துப் பார்க்கக்கூடிய உறுதி ஒன்று வேண்டும். இதுவரை அது இல்லை. வித்துராவில், அகத்திய மலைத்தொடரைப் பார்த்தபடி, இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. நாளைய இயற்பியலாளர்கள் அங்கே படிக்கிறார்கள். 1948இல் கிருஷ்ணமூர்த்தி ராவ் கேட்ட கேள்வியை மீண்டும் எடுக்க வேண்டியவர்கள் அவர்கள்.

இந்தியா உடனே செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, குண்டுக்கான பிளவுறு பொருள் உற்பத்தியைத் தானாகவே நிறுத்திவைப்பதாக அறிவித்து, தோரியம் சார்ந்த எல்லா நிலையங்களையும் சர்வதேசக் கண்காணிப்புக்குக் கொண்டுவருவது. ராஜாஜி கென்னடியிடம் கேட்டது போன்ற முதல் அடி அது. இரண்டாவது, தடை ஒப்பந்த நாடுகளின் கூட்டங்களில் பார்வையாளராக உட்காருவது. அமெரிக்க அணுக்குடையின் கீழ் இருக்கும் ஜெர்மனி, நார்வே, ஆஸ்திரேலியா ஆகியவையே 2022இல் வியன்னாவில் அப்படி உட்கார்ந்தன. உட்காருவதால் ஒரு குண்டையும் கைவிட வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பற்றி அரசின் நிலை என்ன என்று நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் கேட்க, வித்துரா அடங்கிய ஆற்றிங்கல் தொகுதி உறுப்பினருக்கும் மணவாளக்குறிச்சி அடங்கிய கன்னியாகுமரித் தொகுதி உறுப்பினருக்கும் முழு உரிமை உண்டு. அவர்களைக் கேட்கவைக்க வேண்டியவர்கள் இந்தத் தொகுதிகளின் வாக்காளர்கள்.